தலைகீழ்ப் புத்தகக்காரர்

பால்பாண்டிக்கு நாற்பத்து மூன்று வயது. சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையில் கீல், தாழ்ப்பாள், ஆணி எடுத்துக் கொடுக்கிறார். பதினாறு வயதில் சங்கரன்கோவில் பக்கமிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்தவர். அன்று முதல் இன்றுவரை அதே கடைதான். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தம்பானூருக்கு நடந்து வருவார்.

அங்கே நான் வேலை பார்க்கும் ஓட்டலின் மாடியில் ஒரு சின்ன ஹால் இருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்கள், கல்யாணத் தரகர்கள், யோகா சொல்லிக் கொடுப்பவர்கள் என்று ஆளுக்கொரு நாள் எடுப்பார்கள். இரண்டாவது ஞாயிறு ஆல்டிரா மன்றத்துக்கு. டீ கொண்டு வைப்பதும் கிளாஸ் எடுப்பதும் என் வேலை. ஐந்து வருஷமாக அந்த ஹாலின் ஓரத்தில் நின்று இவர்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கல்யாணத் தரகர்கள்கூட இவ்வளவு பொய்யை இவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை.

ஆல்டிரா என்பது ஒரு விண்வெளிக் கப்பல். இங்கிலீஷ் டிவி தொடர். ஏழு சீசன், நூற்று ஐம்பத்து நாலு பகுதி. ரோவன் என்ற பெண் அதன் கேப்டன். வாரம் ஒரு கிரகம், வாரம் ஒரு ஆபத்து, கடைசியில் எல்லாரும் பிழைத்துக் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். மூன்றாவது சீசனில் ஒருமுறை ரோவன் குண்டடி பட்டுச் சாகக் கிடந்து பிழைக்கிறாள். தொடர் முடிந்த பிறகு அதே கம்பெனி சில எழுத்தாளர்களை வைத்து நாவல்கள் போட்டது. அன்றைக்கு ரோவன் பிழைக்காமல் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆரம்பித்து, அதிலிருந்து வேறொரு உலகமாகப் போகும் கதை. முப்பத்தொரு புத்தகம். வேறு உலகம் என்று தெரிவதற்காக அட்டையில் கப்பலைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். அதனால் மன்றத்தில் அவற்றுக்குத் ‘தலைகீழ்’ என்று பெயர். அதைச் சொல்லும்போது எல்லார் முகமும் கெட்டுப்போன பாலை மோந்து பார்த்த மாதிரி ஆகும்.

“அதெல்லாம் நடந்ததே இல்லை ஓய்” என்பார் பட்டாபி. மன்றத் தலைவர். கரமனை அக்ரஹாரத்து வீடு, கழக்கூட்டம் பக்கம் பெரிய கம்பெனியில் உத்தியோகம், ஓய்வு பெற இரண்டு வருஷம். “தொடர்ல வந்தா நடந்தது. புஸ்தகத்துல வந்தா எவனோ காசுக்கு எழுதினது.”

தொடரையும் எவனோ காசுக்குத்தான் எழுதியிருப்பான். அதை யாரும் கேட்கவில்லை.

செயலாளர் ஷிஜா இன்னும் கறாரானவள். சாகடித்தால் விற்கும் என்று சாகடிக்கிறார்கள், கப்பல் டாக்டர் அப்படிச் செய்யவே மாட்டார், வேறு உலகம் என்று சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்பாள். எத்தனை புத்தகம் படித்தாய் என்று ஒருநாள் ஒருவர் கேட்டார். “அய்யே, ஞான் அதொண்ணும் வாயிக்காறில்ல” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். படிக்காமலே வெறுப்பது அங்கே ஒரு தகுதி.

இந்தக் கூட்டத்துக்குள்தான் பால்பாண்டி வந்து சேர்ந்தார். ஓட்டலில் டீ குடிக்க வந்தவர், மாடிப்படியில் ஒட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனார். புது ஆள் ஏதாவது சொல்ல வேண்டும் என்றார்கள். இவர் எழுந்து, “கேப்டன் மேல எனக்கு ரொம்ப மரியாத சார். ஆனா அவங்கதான் செத்துட்டாங்கல்லா” என்றார்.

ஹாலே அதிர்ந்து சிரித்தது. இவருக்கு எதற்கென்று புரியவில்லை. தொடர் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருக்குக் கேப்டன் என்றால் செத்துப்போனவள். எங்கேயோ ஒரு டிவியில் அவள் உயிரோடு திரிகிறாள் என்பதுதான் அவருக்கு நம்ப முடியாத சேதி.

கடையில் ஆணி பொதிய பழைய காகிதம் கட்டுக்கட்டாக வரும். இருபது வயதில் அந்தக் கட்டுக்குள் ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது, முன்பாதி மட்டும். பின்பாதியில் யார் வீட்டுக்கோ ஆணி போய்விட்டது. அட்டையில் கப்பல் தலைகீழாக இருந்தது. பத்தாவது தேறாதவர், அகராதி வாங்கி வைத்துக்கொண்டு அந்த முன்பாதியைப் படிக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். பின்பாதியைத் தேடிப் பழைய புத்தகக் கடைகளில் அலைந்ததில் மற்ற முப்பதும் கிடைத்தன. அந்தப் பின்பாதி கிடைக்க ஒன்பது வருஷம் ஆனது. எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அங்கேயே இருக்கும்வரை அவர் மனைவிக்கு ஆட்சேபணை இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கூட்டம் பத்து மணிக்கு என்றால் இவர் ஒன்பதரைக்கே வந்துவிடுவார். நான் நாற்காலி போடும்போது கூடவே நாலு நாற்காலி இழுத்துப் போட்டபடி பேசிக்கொண்டிருப்பார். மன்றத்தில் பேசக் கிடைக்காததை எல்லாம் என்னிடம் பேசித் தீர்த்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பதில் சொல்லும் வழக்கமும் எனக்கு இல்லை. அதனால் அவருக்கு வசதியாக இருந்தது.

மன்றத்தில் ஏன் பேசக் கிடைக்காது என்றால், அங்கே ஒரு சட்டம். யார் எதைச் சொன்னாலும் அது எந்த சீசன், எந்தப் பகுதி என்று எண் சொல்ல வேண்டும். “மூணு பதினேழு”, “அஞ்சு நாலு” என்று வாயிலிருந்து எண்ணாகக் கொட்டும். எண் இல்லாமல் யாராவது ஆரம்பித்தால் பட்டாபி கரண்டியால் டீ கிளாஸை டிங் என்று தட்டி, “நம்பர்?” என்பார். எண் சொல்லாவிட்டால் உட்கார வேண்டியதுதான். தலைகீழ்ப் புத்தகங்களுக்கு சீசனும் இல்லை, பகுதியும் இல்லை. ஆக பால்பாண்டி வாய் திறந்தால் டிங். மறுபடி திறந்தால் மறுபடி டிங். அபிஜித் என்று ஒரு பையன், மன்றத்தின் லேப்டாப்பை வைத்திருப்பவன், கரண்டி விழுமுன்பே வாயாலேயே “டிங்” என்பான்.

“பாண்டியண்ணா, இருக்கூ” என்று உட்காரச் சொல்வான் கூடவே. இந்த ஊரில் அந்தப் பெயரின் பின்பாதியை மட்டும் கூப்பிட்டால் அது பெயர் இல்லை, தமிழனுக்கு வைத்த ஏச்சு. பால்பாண்டி அதற்கும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியாது. கடையில் ஒரு தாழ்ப்பாளைப் பத்துத் தடவை திருப்பிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களிடம் சிரித்துச் சிரித்து வந்த சிரிப்பு.

தொடரையும் அவர் பிறகு முழுதாகப் பார்த்தார், செல்போனில், இரண்டு தடவை. எண் எல்லாம் பாடமாகிவிட்டது. ஆனாலும் அவருக்கு அது ஒட்டவில்லை.

“தொடர்ல என்ன ஆகும் மலரக்கா? அம்பது நிமிசத்துல எல்லாம் பழையபடி ஆயிரும். கை போனவனுக்குக் கை வந்துரும். அடுத்த வாரம் ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது. புஸ்தகத்துல செத்தவன் செத்தவந்தான். மிச்ச பேரு அதோடதான் இருக்கணும்.”

“முப்பத்தொண்ணும் நல்லா இருக்குமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒம்பது குப்ப. பன்னெண்டாவத எழுதினவனுக்கு நாசமாப் போன புத்தி” என்றார். அதைக் கேட்டபோது அவர் மேல் எனக்கு மதிப்பு வந்தது. மன்றத்தில் ஒருவரும் தொடரின் ஒரு பகுதியைக்கூட இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது பத்தொன்பதாவது புத்தகம். கப்பலில் சமையல்காரி ஒருத்தி உண்டு. தொடரில் நாற்பது தடவை வருகிறாள். கிண்ணத்தை வைப்பாள், போவாள். பேச்சு இல்லை, பெயரும் இல்லை. புத்தகத்தில் அவளுக்கு இல்சா என்று பெயர். கேப்டன் செத்த பிறகு கப்பலில் வேற்றாள் ஒருவன், கப்பல் ஓட்டுகிறவனின் உருவத்தை எடுத்துக்கொண்டு நுழைந்துவிடுகிறான். டாக்டருக்குத் தெரியவில்லை, கருவிகளுக்கும் தெரியவில்லை. இல்சாவுக்குத் தெரிந்துவிடுகிறது. திரும்பி வரும் கிண்ணத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பத்து வருஷமாகப் பார்த்தவள். ஓட்டுகிறவன் எப்போதும் காரட்டை ஒதுக்கி வைப்பான். இவன் வழித்துத் தின்றிருக்கிறான். அவள் சொல்வதை யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் அந்தப் புத்தகம்.

“ஆண்டு விழால எனக்குப் பத்து நிமிசம் தர்றேன்னுருக்காரு பட்டாபி சார்” என்றார் பால்பாண்டி. “இல்சாவப் பத்தித்தான் வாசிக்கப் போறேன். எழுதிட்டேன்.” முழுநீளத் தாளில் பதினொரு பக்கம். தாழ்ப்பாள் வரும் அட்டைப் பெட்டிக்குள் மடங்காமல் வைத்திருந்தார்.

இது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் நேரம் இல்லை. இரண்டாவது வருஷம் கேக் வெட்ட வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிஷம் கிடைத்துவிட்டால் அவர்கள் தன்னை ஒரு ஆளாக ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தார். பெண்சாதி பிள்ளையிடமோ கடை முதலாளியிடமோ கிடைக்காத ஏதோ ஒன்று இந்தப் பத்துப் பதினைந்து பேரிடம் இருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். என்ன இருக்கிறது என்று நான் எவ்வளவு பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவரையும் உத்தமர் என்று எழுதிவிடக் கூடாது. இதே ஆல்டிராவை வைத்து இணையத்தில் சும்மா கதை எழுதிப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்களாம். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இவருக்கு முகம் சுருங்கும். “அதெல்லாம் என்னக்கா, அச்சுல வந்ததா? கம்பெனி முத்திரை இருக்கா? எதயாவது கிறுக்குதுக” என்பார். எனக்குச் சிரிப்பு வரும். கிளாஸைத் துடைப்பேன்.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆண்டு விழாவில் பட்டாபி ஒவ்வொரு வருஷமும் ஒரு கதை சொல்வார். கேப்டன் ரோவன் சின்ன வயதில் அகதிக் கப்பலில் போனபோது ஒரே ஒரு இருக்கைதான் இருந்தது. அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு நாற்பது நாள் நின்றபடியே தின்றாள். அதனால் கேப்டன் ஆன பிறகும் அவள் உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். இதைச் சொல்லும்போது பட்டாபிக்குக் குரல் கம்மும். ஷிஜா கண்ணைத் துடைப்பாள். கேப்டன் கிண்ணத்தோடு நிற்கிற படத்தைத்தான் மன்றத்து டீஷர்ட்டில் அடித்திருந்தார்கள்.

“அது தொடர்லயே கெடயாது” என்றார் பால்பாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரலைத் தாழ்த்தி. “நாலாவது தலைகீழ்ப் புஸ்தகம். கேப்டனோட தம்பி வந்து சொல்லுவான். தொடர்ல அவளுக்குத் தம்பியே கெடயாது. சாருக்கு எங்கயோ படிச்சது கலந்துட்டு.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“பெரிய மனுசன். எதுக்கு?” என்று சிரித்தார். அதே சிரிப்பு.

ஆண்டு விழா அன்று வழக்கத்தைவிட இரட்டிப்பாக ஆள் வந்து ஹால் நிறைந்திருந்தது. எல்லாரும் டீஷர்ட்டில் வந்தார்கள். பால்பாண்டி மட்டும் தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் தாழ்ப்பாள் பெட்டி. பட்டாபிக்கு அரை மணி, பிறகு பால்பாண்டிக்குப் பத்து நிமிஷம், பிறகு சாப்பாடு. பட்டாபி ஒரு மணி நேரம் பேசினார். அகதிக் கப்பல் வந்தது, இருக்கை வந்தது, தம்பி வந்தான், குரல் கம்மியது. கைதட்டல் நிற்கவே நேரம் பிடித்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அடடா, மணி ஒண்ணாயிடுத்து. பால்பாண்டி, உம்மோடது அடுத்த வருஷம் வச்சுக்கலாம், என்ன? சாப்பாடு ஆறிடும்.”

“சரி சார்” என்றார் பால்பாண்டி. பெட்டியை மூடினார்.

எல்லாரும் எழுந்தார்கள். நான் கிளாஸ் எடுக்கத் தட்டோடு போனேன். பால்பாண்டி முன்னால் இருந்த கிளாஸை எடுக்கப் போனபோது அவர் கை அதன் மேல் இருந்தது. விடவில்லை. இன்னொரு கையால் என் தட்டிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். டிங்.

ஒருவரும் திரும்பவில்லை. மறுபடி தட்டினார். கிளாஸ் உடைந்துவிடும் என்று பயந்தேன். எல்லாரும் திரும்பினார்கள்.

“நம்பர் சார்?” என்றார்.

“என்ன நம்பர்?”

“கேப்டன் நின்னுக்கிட்டுத் திங்குறது. தம்பிக்கு இருக்கை கொடுத்தது. எந்த சீசன், எந்தப் பகுதின்னு.”

“ரெண்டு ஒம்பது” என்றார் பட்டாபி யோசிக்காமலே.

“ரெண்டு ஒம்பதுல அவங்க பனிக் கிரகத்துல மாட்டிக்கிடுவாங்க சார். சாப்பாடே கிடையாது.”

“அப்போ ரெண்டு பதினொண்ணு. டேய் அபிஜித், போட்டுப் பாருடா.”

அபிஜித் லேப்டாப்பைத் திறந்தான். ரெண்டு பதினொன்றில் இல்லை. பிறகு சாப்பாட்டு மேசை வரும் பகுதிகளாகத் தேடிப் போட்டான். சுவரில் பெரிதாகத் தெரிந்தது. கேப்டன் உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்னொன்று. உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்ததில் காலை வேறு நீட்டிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். மார்பில் நிற்கிற கேப்டனோடு முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற கேப்டனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நூற்று ஐம்பத்து நாலு பகுதியையும் பாடமாகச் சொல்பவர்கள். ஒருத்தர் கண்ணிலும் இது பட்டதில்லை.

“சாரே, இது விக்கியில உண்டு” என்றான் அபிஜித், மெதுவாக. “தலைகீழ், நாலாமத்தெ புஸ்தகம்.”

பட்டாபி நாற்காலியில் உட்கார்ந்தார். “வெளிநாட்டுல வேலையா இருந்தேன்” என்றார். “தொண்ணூறுகள்ல. அங்க லைப்ரரில வேற ஒண்ணும் கெடைக்கலை. எல்லாத்தையும் படிச்சேன்.” இவ்வளவு வருஷமாகக் கரண்டியால் தட்டிய மனிதர், முப்பத்தொன்றையும் படித்தவர். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு ஒரு இரக்கம் வந்தது. ரொம்ப நேரம் நிற்கவில்லை.

ஏனென்றால் உடனே விவாதம் ஆரம்பித்தது. சோறு ஆறிக்கொண்டிருக்க முக்கால் மணி நேரம் பேசினார்கள். கதையை விட முடியாது, எண்பது டீஷர்ட் அடித்தாகிவிட்டது. புத்தகத்தையும் ஏற்க முடியாது, மானம் போய்விடும். கடைசியில் ஷிஜா ஒரு தீர்மானம் எழுதிப் படித்தாள். கேமரா காட்டாத நேரங்களில் கேப்டன் நின்றுகொண்டு சாப்பிடுகிறாள் என்று மன்றம் முடிவு செய்கிறது. நாலாவது புத்தகத்தில் அந்த மூன்று பக்கம் மட்டும் நடந்தது. மற்றது நடக்கவில்லை. முப்பது கையும் தூக்கப்பட்டது.

“பால்பாண்டிக்குப் பத்து நிமிஷம் குடுங்கோ” என்றார் பட்டாபி. நியாயமாக நடந்துகொள்கிற முகம்.

பால்பாண்டி எழுந்தார். பதினொரு பக்கத்தை எடுத்தார். “ஆல்டிரா கப்பல்ல ஒரு சமையல்காரி. அவ பேரு இல்சா” என்று ஆரம்பித்தார்.

டிங். ஷிஜா. “நம்பர் உண்டோ சேட்டா? இல்லெங்கில் அந்த மூணு பேஜிலுள்ளது மட்டும் பறஞ்ஞா மதி.”

நான் தட்டோடு நின்றேன். சற்று முன்னால் தலைவரையே மடக்கி உட்கார வைத்த மனிதர். தாளை அவள் முகத்தில் எறிந்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அல்லது எதையும் கேட்காமல் வாசித்துக்கொண்டே போவார் என்று.

அவர் தாள்களைப் பெட்டியில் வைத்து மூடினார். “நாலாவது புஸ்தகம், நூத்திப் பன்னெண்டாம் பக்கம்” என்று ஆரம்பித்து, அந்த மூன்று பக்கத்தைப் பத்து நிமிஷம் சொன்னார். பாடமாகத் தெரியும். நன்றாகத்தான் சொன்னார். பட்டாபி சொன்னதைவிட நன்றாக. இருக்கை வந்தது, தம்பி வந்தான். பட்டாபியே முதலில் கை தட்டினார். அபிஜித் ஒரு டீஷர்ட் கொண்டு வந்து கொடுத்தான். பால்பாண்டி அதை வெள்ளைச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். சந்தோஷத்தில் முகம் சிவந்திருந்தது. இல்சா பெட்டிக்குள் இருந்தாள்.

கீழே வரும்போது, “கேட்டீங்களாக்கா?” என்றார். கேட்டேன் என்றேன்.

அடுத்த மாதம் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். புத்தகம் பற்றிய விஷயங்களுக்கு இனி அவர்தான் பொறுப்பு. கரண்டி அவர் கையில். ஒன்பதரைக்கு வரவில்லை, பத்து மணிக்குப் பட்டாபியோடு வந்தார்.

அன்று சிஜி என்று ஒரு நர்சிங் படிக்கிற பெண் புதிதாக வந்திருந்தாள். எதையாவது சொல்லச் சொன்னார்கள். எழுந்தாள். “நான் ஆல்டிரா வச்சு கத எழுதுவேன். ஃபோன்லதான். அந்த கப்பல்ல ஒரு சமையல்காரி உண்டில்லே, அவ ஒண்ணும் பேசமாட்டா. அவள வச்சு...”

டிங்.

“எந்தப் புஸ்தகம், எத்தனாம் பக்கம்?” என்றார் பால்பாண்டி.

ஹால் சிரித்தது. அவளும் சிரித்தாள், என்ன செய்வதென்று தெரியாதவர்கள் சிரிக்கும் சிரிப்பு. அவர் அதைப் பார்த்தாரா என்று கவனித்தேன். அவர் பட்டாபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த இரண்டாவது ஞாயிறு, கண்ணாடி கிளாஸ் எதையும் நான் மாடிக்குக் கொண்டுபோகவில்லை. காகிதக் கோப்பையில் டீ ஊற்றி வைத்தேன். முதலாளி கேட்டால் கிளாஸ் உடைகிறது என்று சொல்ல நினைத்திருந்தேன், அவர் கேட்கவில்லை. சிஜி மறுபடி வந்திருந்தாள். எழுந்து ஆரம்பித்தாள். பால்பாண்டி கரண்டியை எடுத்துத் தட்டினார். சத்தம் வரவில்லை. ஓங்கித் தட்டினார். கோப்பை சரிந்து டீ மேசையெல்லாம் ஓடி அவர் டீஷர்ட்டில், நிற்கிற கேப்டன் மேல் கொட்டியது. நான் துணி எடுத்து வரக் கீழே போனேன். அவசரப்படவில்லை. நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.